பில் எவான்ஸ்

பில் எவான்ஸ் என்று பரவலாக அறியப்படும் வில்லியம் ஜான் எவான்ஸ் (ஆகஸ்டு 16, 1929 - செப்டம்பர் 15, 1980) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜாஸ் பியானோ வாசிப்பு முறையை மாற்றியமைத்தவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். மைல்ஸ் டேவிசின் கைண்ட் ஆஃப் புளூ (1959) இசைத்தொகுப்பில் இவர் ஆற்றிய பங்கும், ஸ்காட் லஃபாரோ, பால் மோஷன் ஆகியோருடன் அமைத்த மூவர் குழுவும் இவரது புகழுக்கு முதன்மைக் காரணங்கள். லீட் ஷீட் எனப்படும் சுருக்கக் குறிப்புத் தாளை வைத்து ஜாஸ் பியானோ பயிலும் மாணவர்கள், இவர் பெயரை அறியாவிட்டாலும், இவர் பரவலாக்கிய வழிமுறையையே பெரும்பாலும் பின்பற்றுகின்றனர்.

பிறப்பும் இளமையும்

எவான்ஸ் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை ஹாரி வேல்சு வம்சாவளியினர். தாய் மேரி கிழக்கு ஐரோப்பாவில் இருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையின் பெயரையே கொண்ட அண்ணன் ஹாரி இவரைவிட இரண்டு வயது மூத்தவர். அண்ணனுக்குப் பியானோ கற்பித்ததைக் கவனித்தே எவான்ஸ் பியானோவின்பால் ஈர்க்கப்பட்டார். வயலினும் புல்லாங்குழலும் பின்னர் கற்றார். மொசார்ட், பேத்தோவன், ஷூபெர்ட் ஆகியோரின் ஆக்கங்களைச் சிறுவயதிலேயே தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறன் பெற்றிருந்தார். ஸ்ட்ராவின்ஸ்கியின் பெட்ருஷ்கா, டேரியஸ் மியோவின் ஆக்கங்கள் முதலிய அக்கால நவீன இசையும் பள்ளிப் பருவத்தில் இவருக்கு அறிமுகமாயிற்று.

தாளில் எழுதியதைப் பிழையின்றி வாசிக்க வல்லவராக இருந்த இச்சிறுவனுக்கு, தாளில் இல்லாததை வாசிக்கத் தெரியாது. சுமார் 12 வயதில், உடல்நலம் குன்றிய அண்ணனுக்கு மாற்றாக உள்ளூர் நடன இசைக்குழு ஒன்றில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே ஒரு நாள் டக்சிடோ ஜங்ஷன் என்ற பாடலை வாசிக்கையில், அச்சிட்ட குறிப்பில் இல்லாத ஒரு சிறிய புளூஸ் சொற்கட்டைத் தாமாகச் சேர்த்தார். இசையமைப்பாளர் எழுதாத ஒன்றையும் வாசிக்கலாம் என்பதை அப்போதுதான் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் இவர் நினைவுகூர்ந்துள்ளார். சேர்த்தவை ஒரு சில சுரங்களே ஆயினும் இவரது வாழ்க்கைப் போக்கை அவை தீர்மானித்தன.

கல்வியும் படைத்துறைப் பணியும்

1946இல் புல்லாங்குழலுக்கான உதவித்தொகை பெற்று லூசியானா மாநிலத்தின் ஹேமண்ட் நகரில் உள்ள தென்கிழக்கு லூசியானா கல்லூரியில் சேர்ந்தார். 1950இல் பியானோவிலும் இசைக் கற்பித்தலிலும் பட்டம் பெற்றார். இன்றும் ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும் வெரி ஏர்லி என்ற ஆக்கத்தை இவர் மாணவராக இருந்தபோதே இயற்றினார்.

1951 முதல் 1954 வரை கட்டாயப் படைச்சேவையில், சிகாகோ அருகே ஷெரிடன் கோட்டையில் இருந்த ஐந்தாம் படைப்பிரிவு இசைக்குழுவில் புல்லாங்குழல் வாசித்தார். இவருக்கு இது மனச்சோர்வு மிகுந்த காலமாக அமைந்தது. சேவை முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி ஏறத்தாழ ஓராண்டு தனித்திருந்து பயிற்சி செய்தார். 1955இல் நியூயார்க்கில் குடியேறி, மேன்ஸ் இசைக் கல்லூரியில் இசையமைப்பு பயின்றார்.

நியூயார்க்கில் கிளாரினெட் கலைஞர் டோனி ஸ்காட், இசையமைப்பாளரும் கோட்பாட்டாளருமான ஜார்ஜ் ரஸ்ஸல் ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். 1956இல் ரஸ்ஸலின் கன்சர்ட்டோ ஃபார் பில்லி த கிட் ஆக்கத்தில் இவர் வாசித்த தனிப்பகுதி இசைவாணர்களின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டு ரிவர்சைடு நிறுவனத்திற்காக நியூ ஜாஸ் கன்செப்ஷன்ஸ் என்ற முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். தம் அண்ணன் மகள் டெபியின் பெயரில் இவர் அமைத்த வால்ட்ஸ் ஃபார் டெபி முதலில் இத்தட்டில்தான் இடம்பெற்றது. முதல் ஆண்டில் இத்தட்டு 800 படிகள் அளவிலேயே விற்றது. அடுத்த தட்டை உடனே வெளியிடத் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் முன்வந்தபோதும், புதிதாகச் சொல்ல ஏதுமில்லை என்று கருதிய எவான்ஸ் ஈராண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

லீட் ஷீட்டும் இடது கையும்

எவான்சின் பங்களிப்பை விளங்கிக்கொள்ள லீட் ஷீட் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மேற்கத்தியச் செவ்வியல் பியானோ நூலில் இரு கைகளும் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கும். லீட் ஷீட்டிலோ பாடலின் மெட்டு ஒற்றை வரியாகவும், அதன்மேல் கார்ட்களின் பெயர்கள் குறியீடுகளாகவும் மட்டுமே இருக்கும். கார்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. எச்சுரத்தை எந்த விரலால் எந்த உயரத்தில் எப்போது அழுத்துவது என்பதை வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் இத்தாளை வைத்து இரண்டு நிமிடமும் வாசிக்கலாம், இருபது நிமிடமும் வாசிக்கலாம்.

புதிதாகப் பயிலும் மாணவர் இத்தாளைக் கண்டதும் பொதுவாகச் செய்வது, குறியீடு சொல்லும் கார்டை அதன் அடிச்சுரத்தில் தொடங்கி வரிசையாக அடுக்கி இடது கையால் அழுத்துவது. டி மைனர் 7 எனில் டி, எஃப், ஏ, சி. ஜி 7 எனில் ஜி, பி, டி, எஃப். சி மேஜர் 7 எனில் சி, ஈ, ஜி, பி. இது பிழையன்று. ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் கை முழுவதுமாகத் தாவ வேண்டும். கீழ்ப்பகுதியில் ஒலி கலங்கும். டபுள் பேஸ் வாசிப்பவர் உடனிருந்தால் இருவரும் ஒரே அடிச்சுரத்தை முட்டிமோத நேரும்.

எவான்ஸ் அடிச்சுரத்தைப் பேஸ் கலைஞருக்கு விட்டுவிட்டு, எஞ்சியவற்றுடன் ஒன்பதாம் சுரம், பதின்மூன்றாம் சுரம் முதலியவற்றைச் சேர்த்தார். அவ்வாறு செய்கையில் மேற்கண்ட மூன்று கார்ட்களும் பின்வருமாறு மாறும். டி மைனர் 7க்கு எஃப், ஏ, சி, ஈ. ஜி 7க்கு எஃப், ஏ, பி, ஈ. சி மேஜர் 7க்கு ஈ, ஜி, பி, டி. முதல் கார்டில் இருந்து இரண்டாவதற்குச் செல்ல சி என்ற ஒரே சுரம் பி-க்கு இறங்கினால் போதும். மற்ற மூன்று விரல்களும் அசைவதில்லை. இரண்டாவதில் இருந்து மூன்றாவதற்குச் செல்கையில் பி அப்படியே நிற்க, ஏனைய மூன்றும் அடுத்துள்ள சுரத்துக்கு ஒரு படி இறங்குகின்றன. பியானோ அருகில் உள்ளவர்கள் இதை வாசித்துப் பார்த்தால், எழுத்தில் விளங்காதது செவிக்கு உடனே விளங்கும். கார்ட்கள் தனித்தனிக் கட்டிகளாக ஒலிக்காமல், நான்கு பேர் சேர்ந்து பாடும் நான்கு மெட்டுகளைப் போல ஒலிப்பதைக் காணலாம்.

இம்முறையை எவான்ஸ் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சில நூல்களும் இணையதளங்களும் கூறுவது மிகையாகும். அகமது ஜமால், ரெட் கார்லண்ட் ஆகியோரும் அதே காலத்தில் அடிச்சுரம் தவிர்த்த கார்ட்களைக் கையாண்டனர். எவான்ஸ் செய்தது, இதை எல்லாச் சுரங்களிலும் எல்லாப் பாடல்களிலும் ஒழுங்குடன் கடைப்பிடித்ததும், டெபுசி, ரவேல் ஆகியோரிடம் கற்ற ஒலிநயத்தை அதனுடன் இணைத்ததும் ஆகும். ஜாஸ் கல்லூரிகளில் தொடக்க நிலை மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் இடது கைப் பாடங்களுள் இதுவும் ஒன்று.

மைல்ஸ் டேவிசுடன்

1958இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிசின் அறுவர் குழுவில் சேர்ந்தார். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி ஆகியோர் இடம்பெற்றிருந்த அக்குழுவில் எவான்ஸ் மட்டுமே வெள்ளையர். கறுப்பினக் கலைஞர்களுக்கு வேலை கிடைப்பதே அரிதாக இருந்த அக்காலத்தில், இப்புகழ்பெற்ற குழுவில் வெள்ளையர் ஒருவருக்கு இடம் எதற்கு என்று கேட்டோர் இருந்தனர். பயணக் களைப்பும் இந்த எதிர்ப்பும் சேர, ஏறத்தாழ எட்டு மாதங்களில், நவம்பர் 1958இல், குழுவை விட்டு விலகினார்.

எனினும் டேவிஸ் அடுத்த ஆண்டு இவரை மீண்டும் அழைத்தார். மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் கைண்ட் ஆஃப் புளூ பதிவு செய்யப்பட்டது. ஐந்து ஆக்கங்களுள் ஃபிரெடி ஃபிரீலோடர் தவிர்த்த நான்கில் எவான்ஸ் வாசித்தார். கலைஞர்களுக்கு முழுமையான இசைக்குறிப்பு எதுவும் தரப்படவில்லை. டேவிஸ் கொண்டுவந்தவை லீட் ஷீட்டைவிடவும் சுருக்கமான குறிப்புகள். சோ வாட் ஆக்கத்தில் பேஸ் எழுப்பும் கேள்விக்குப் பியானோ இரு கார்ட்களால் விடை கூறுகிறது. ஈ, ஏ, டி, ஜி, பி என்னும் ஐந்து சுரங்களும், பின்னர் அவை அனைத்தும் ஒரு படி இறங்கியும் ஒலிக்கும் அவ்வமைப்பை அந்த ஆக்கத்தின் பெயராலேயே ஆசிரியர்கள் இன்றும் அழைக்கின்றனர். ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ் ஆக்கத்தில் ஐந்து ஸ்கேல்களின் வரிசை மட்டுமே தரப்பட்டது. அதன் தொடக்கம், எவான்ஸ் சில மாதங்களுக்கு முன் பதிவு செய்த பீஸ் பீஸ் என்ற தனி ஆக்கத்தில் இருந்து பெறப்பட்டது. இத்தட்டின் உறையில் அச்சான குறிப்புரையையும் எவான்சே எழுதினார். திருத்த இடமின்றி ஒரே வீச்சில் வரையப்படும் சப்பானிய மை ஓவியத்துடன் மனோதர்ம இசையை அதில் ஒப்பிட்டுள்ளார்.

புளூ இன் கிரீன் யாருடைய ஆக்கம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டேவிஸ் ஒரு தாளில் இரண்டு கார்ட்களின் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுத்ததாகவும், அதிலிருந்து பத்து பார் கொண்ட முழு ஆக்கத்தையும் தாமே உருவாக்கியதாகவும் எவான்ஸ் கூறினார். இசைத்தட்டில் டேவிசின் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டது. இதுபற்றிக் கேட்டபோது டேவிஸ் 25 டாலருக்குக் காசோலை எழுதித் தந்ததாகவும் எவான்ஸ் தெரிவித்துள்ளார். எவான்சின் போர்ட்ரெய்ட் இன் ஜாஸ் தட்டில் இருவர் பெயரும் இடம்பெற்றன.

மூவர் குழு

1959இன் பிற்பகுதியில் டபுள் பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோவையும் டிரம்ஸ் கலைஞர் பால் மோஷனையும் இணைத்துக்கொண்டு எவான்ஸ் தம் மூவர் குழுவைத் தொடங்கினார். அதுவரை பியானோ முன்னே செல்ல, மற்ற இரு கருவிகளும் தாளம் காத்துப் பின்னே வருவதே வழக்கம். இக்குழுவில் மூன்று கருவிகளும் ஒன்றையொன்று கேட்டு உரையாடின. லஃபாரோ அடிச்சுரத்தை ஒவ்வொரு தட்டிலும் எழுப்பாமல், பியானோவுக்கு எதிர்மெட்டுப் பாடினார். பியானோவும் பேஸும் விட்டுவிட்ட அடிச்சுரத்தைச் சில இடங்களில் கேட்பவரின் மனமே நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜூன் 25, 1961 ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் உள்ள வில்லேஜ் வேன்கார்டு என்னும் நிலவறை அரங்கில் பிற்பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகள் பதிவு செய்யப்பட்டன. முதல் பாடலிலேயே மின்தடை ஏற்பட்டு ஒலிப்பதிவு இடையறுந்தது. கேட்போரின் பேச்சும் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் பதிவில் கேட்கின்றன. இவற்றில் இருந்து சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்டு, வால்ட்ஸ் ஃபார் டெபி ஆகிய இரு தட்டுகள் வெளிவந்தன. ஜாஸ் மூவர் குழுப் பதிவுகளுள் தலைசிறந்தவையாக இவை மதிக்கப்படுகின்றன.

பதினொரு நாட்களுக்குப் பின், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 25. எவான்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை. 1962இல் சக் இஸ்ரேல்சைப் பேஸ் கலைஞராகக் கொண்டு மூவர் குழுவை மீண்டும் அமைத்தார்.

போதைப் பழக்கம்

1950களின் இறுதியில் எவான்ஸ் ஹெராயின் பழக்கத்துக்கு ஆட்பட்டார். ஈட்டியது போதாமல் நண்பர்களிடம் தொடர்ந்து கடன் வாங்கினார். 1960களின் தொடக்கத்தில் ஊசி குத்தியதால் வலக்கை நரம்பு பாதிக்கப்பட்டு, அக்கை செயலிழந்த நிலையில், வேன்கார்டு அரங்கில் பல நாட்கள் இடது கையால் மட்டுமே நிகழ்ச்சி நடத்தினார். கீழே பேஸ் சுரத்தை அழுத்தி மிதிகட்டையால் அதை நீட்டித்துக்கொண்டே, அதே கையை மேலே கொண்டுசென்று கார்டும் மெட்டும் வாசித்தார். அதைக் காண மற்றப் பியானோ கலைஞர்களும் வந்தனர். இதை வீரக்கதை போலச் சிலர் எழுதுவதுண்டு. உண்மையில் அது நோயுற்ற ஒருவர் வாடகைக்கும் மருந்துக்குமான பணத்துக்காக வேலைக்கு வந்த நிகழ்வே ஆகும்.

1970 அளவில் மெத்தடோன் சிகிச்சையின் துணையுடன் ஹெராயினை விட்டார். ஆனால் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் கொக்கெய்ன் பழக்கம் தொற்றிக்கொண்டது.

கற்றல் பற்றிய திரைப்படம்

1966இல் த யுனிவர்சல் மைண்ட் ஆஃப் பில் எவான்ஸ் என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. இதில் எவான்ஸ், லூசியானாவில் இசை ஆசிரியராக இருந்த தம் அண்ணன் ஹாரியுடன் உரையாடுகிறார். தாமாகவே ஜாஸ் கற்க விரும்புவோருக்கு இப்படம் எவான்சின் எந்த இசைத்தட்டுக்கும் குறையாத பயனுடையது.

தேர்ந்த கலைஞரைக் கேட்ட மாணவர், அந்த ஒலியைத் தோராயமாகப் போலி செய்ய முயல்வதே முதன்மையான தவறு என்று எவான்ஸ் இதில் விளக்குகிறார். பழகிய பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவ்வாறு போலி செய்தால் எப்படி ஒலிக்கும் என்பதை முதலில் வாசித்துக் காட்டுகிறார். பார்வைக்கு விரல்கள் ஓடுகின்றன. ஆனால் கார்ட்கள் மங்கலாகவும் பாடலின் வடிவம் குழம்பியும் உள்ளன. அடுத்து அதே பாடலை மிக எளிய கார்ட்களுடன், ஒவ்வொரு சுரமும் ஏன் அங்கே உள்ளது என்பதை அறிந்து வாசிக்கிறார். சிறியதாயினும் அது உண்மையானது என்பதும், அதன்மீது அடுத்த படியைக் கட்ட முடியும் என்பதும், மங்கலானதன்மீது எதையும் கட்ட முடியாது என்பதும் அவர் வாதம். தமக்கு இயல்பான சரளம் வாய்க்கவில்லை என்றும், ஒவ்வொன்றையும் பகுத்தாராய்ந்தே தேட வேண்டியிருந்தது என்றும் கூறுகிறார். அண்ணனோ இதை எளிதில் ஏற்பதில்லை. ஆசிரியர் மாணவருக்கு ஜாஸ் நடையைக் கற்றுத்தர இயலாதா என்று அவர் வற்புறுத்த, கோட்பாட்டைக் கற்பிக்கலாம், நடையை மாணவரே தேடட்டும் என்று தம்பி மறுக்கிறார். இருவரும் உடன்படாமலே அப்பகுதி முடிகிறது.

பிற்காலமும் மறைவும்

மூன்று பியானோ வாசிப்புகளையும் தாமே ஒன்றன்மீது ஒன்றாகப் பதிவு செய்த கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப் (1963) இவருக்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. மொத்தம் ஏழு கிராமி விருதுகளைப் பெற்றார். 1994இல் மறைவுக்குப் பிந்தைய வாழ்நாள் சாதனை விருதும் வழங்கப்பட்டது. 1966 முதல் பதினோராண்டுகள் எட்டி கோமஸ் இவரது பேஸ் கலைஞராக விளங்கினார். பாடகர் டோனி பென்னட்டுடன் இரு தொகுப்புகளை வெளியிட்டார்.

நீண்டகாலத் துணைவியார் எலெய்ன் 1973இல் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு நெனெட்டை மணந்தார். 1975இல் மகன் இவான் பிறந்தார். ஏப்ரல் 1979இல் அண்ணன் ஹாரியும் தற்கொலை செய்துகொண்டார். இதன்பின் எவான்சின் உடல்நிலையும் உறுதியும் விரைவாகக் குன்றின. அவ்வாண்டு பதிவு செய்த வீ வில் மீட் அகெய்ன் அண்ணனின் நினைவுக்கானது. எனினும் மார்க் ஜான்சன், ஜோ லபார்பெரா ஆகியோர் அடங்கிய இறுதி மூவர் குழு, 1961இன் குழுவுக்கு இணையாகத் தமக்கு நிறைவளித்ததாக எவான்ஸ் கருதினார். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் 1980 தொடக்கத்திலும் சான் பிரான்சிஸ்கோவின் கீஸ்டோன் கார்னர் அரங்கில் ஒன்பது இரவுகள் வாசித்தார். நியூயார்க் திரும்பித் தொடங்கிய நிகழ்ச்சியைத் தொடர இயலவில்லை. செப்டம்பர் 15 அன்று மவுண்ட் சினாய் மருத்துவமனையில் காலமானார். குடற்புண் குருதிப்போக்கு, கல்லீரல் இழைநார் வளர்ச்சி, நுரையீரல் அழற்சி ஆகியவை காரணங்களாக அமைந்தன. லூசியானாவின் பேட்டன் ரூஜில் அண்ணனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இசையாக்கங்களும் தாக்கமும்

ஹெர்பி ஹான்காக், கீத் ஜாரெட், சிக் கொரியா ஆகியோரின் வாசிப்பில் எவான்சின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. ரீ: பெர்சன் ஐ நியூ என்னும் ஆக்கத்தின் பெயர், தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூசின் பெயரில் உள்ள ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி உருவாக்கியது. டைம் ரிமெம்பர்ட் ஆக்கத்தில், ஜாஸ் பாடல்களில் தவறாது இடம்பெறும் டாமினன்ட் வகைக் கார்ட் ஒன்றுகூட இல்லை.

1970களின் நடுப்பகுதியில் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் சிலர் த ரியல் புக் என்னும் லீட் ஷீட் தொகுப்பைக் கையால் எழுதி, உரிமம் பெறாமல் படியெடுத்து விற்றனர். உரிமம் பெற்ற பதிப்பு 2004இல்தான் வெளிவந்தது. வால்ட்ஸ் ஃபார் டெபி, வெரி ஏர்லி, புளூ இன் கிரீன் ஆகியவை அதன்வழி உலகெங்கும் மாணவர்களின் மேசைகளைச் சென்றடைந்தன. வெரி ஏர்லியின் முதல் ஏழு பார்களில் பாடல் சி மேஜரில் புறப்பட்டு, ஈ ஃபிளாட், டி ஃபிளாட் ஆகியவற்றைத் தொட்டு மீண்டும் சி-க்கு வந்துவிடுகிறது. குறியீடுகளை வரிசையாக அடுக்கி வாசிப்பவருக்கு இது தொடர்பற்ற தாவல்களாகத் தோன்றும். மேலே விளக்கிய முறையில் இடது கையை அமைத்து, மெதுவாக, ஒரு நேரத்தில் இரண்டு பார்களாக வாசிப்பவருக்கு விரல்கள் பெரிதும் நகர வேண்டியிராது. இதை இயற்றியபோது எவான்சும் கல்லூரி மாணவரே.